வேங்கடத்துக்கு அப்பால்: மாமூலனார் சொன்னதும் சொல்லாததும்

நம் சங்க மலரில் வேங்கடத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது வராத ஆண்டு இல்லை. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்வதில் தொடங்கும். ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கு வரும். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததையும், 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும் சொல்லி, சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கமே நின்றுவிட்ட வருத்தத்தோடு முடியும்.

எல்லாம் படிக்க வேண்டிய கட்டுரைகள்தான். எழுதியவர்கள் புலவர்கள். நான் வெல்ல மண்டிக்காரன், எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்தவன். மலர்க் குழுவினர் இந்த முறை என்னையும் எழுதச் சொன்னதால் அதே வேங்கடத்தையே எடுத்துக்கொண்டேன். ஆனால் எல்லைத் தகராறு எனக்குத் தெரியாத விஷயம். பிழைப்புத் தேடி மொழி தெரியாத ஊருக்குப் போவது தெரிந்த விஷயம். அந்தக் கண்ணோடு நாலு சங்கப் பாட்டுகளைப் பார்த்து எழுதுகிறேன். குற்றம் இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பாட்டில் இருப்பது

சங்கப் புலவர்களில் மாமூலனாருக்கு ஊர் விவரமும் வெளியுலக விவரமும் அதிகம். நந்தர்கள் குவித்த செல்வம், மோரியர் தேர், வடுகர், கட்டி, புல்லி எல்லாம் அவர் பாட்டில் வரும். அவர் பாடியது பெரும்பாலும் பாலை. தலைவன் பொருள் தேடிப் போயிருப்பான். தலைவி வீட்டில் இருப்பாள். அவளோ தோழியோ பேசுவார்கள்.

அந்தப் பாட்டுகள் சிலவற்றில் ‘மொழிபெயர் தேயம்’ என்று வருகிறது. குறுந்தொகை 11, அகநானூறு 31, அகநானூறு 211 போன்றவை. மொழி மாறிப்போகும் நாடு என்று பொருள். அகம் 31-இல் அது தமிழ் மூவேந்தரும் காக்கும் மலைகளோடு சேர்ந்து வருகிறது. அகம் 211-இல் வேங்கடத்துக்கு அப்பால் இருப்பதாக வருகிறது. அதாவது இன்றைக்கு நாம் குடியிருக்கிற இந்த இடம்.

குறுந்தொகை 11 தலைவி தன் நெஞ்சுக்குச் சொல்வது. வளை கழன்று விழுகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, இப்படியே இங்கே கிடந்து அழுவதைவிட எழுந்திரு போகலாம் என்கிறாள். குல்லைக் கண்ணி சூடிய வடுகரின் முனையைத் தாண்டி, கட்டி என்பவனின் நாட்டுக்கும் அப்பால், மொழி வேறான தேசத்தில் அவர் இருந்தாலும் சரி, அவருடைய நாட்டுக்குப் போகவே எண்ணிவிட்டேன் என்று முடிக்கிறாள்.

நாலாவது பாட்டு அகநானூறு 61. இதில் மொழி பற்றிய பேச்சு இல்லை, வேங்கடம் இருக்கிறது. புல்லி ஆண்ட, திருவிழாக்களால் பேர்பெற்ற வேங்கடமே கைக்குக் கிடைத்தாலும் அவர் அங்கே பழகித் தங்கிவிடுவது அரிது என்று தோழி தலைவிக்கு ஆறுதல் சொல்கிறாள். திருவிழா வேங்கடம் என்று மாமூலனார் சொன்னது எத்தனை உண்மை என்பது பிரம்மோற்சவ சமயத்தில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்ற நம்மவருக்குத் தெரியும்.

நான் செய்த பிழை

1984-இல் சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. அடுத்த ஆண்டு அந்த மார்க்கெட்டே தீயில் போயிற்று. ராத்திரி கடை அடைத்தபின் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். 11-ஆம் பாட்டுக்கு வந்தபோது ‘மொழிபெயர்’ என்றதும் ‘மொழிபெயர்ப்பு’ என்று நினைத்துவிட்டேன். மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நாடு, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு உரையைப் பார்த்தால் இங்கே பெயர்தல் என்பது மாறுதல். ஒரு நூலை வேறு மொழியிலிருந்து ஆக்குவதற்கும் தொல்காப்பியம் மரபியலில் இதே ‘மொழிபெயர்த்தல்’ உண்டு. ஆனால் மாமூலனார் சொல்வது அது அல்ல.

இந்தப் பிழையை ஏன் சொல்கிறேன் என்றால், ‘மொழிபெயர் தேயம்’ என்பதைத் தூரத்தைக் காட்டும் அடைமொழியாக எடுத்துக்கொண்டு போய்விடுவதுதான் பொதுவான வழக்கம். மலை உயரம், காடு கொடிது, மொழியும் வேறு, அவ்வளவு தூரம் என்று வாசித்துவிடுவார்கள். எல்லைக் கட்டுரை எழுதுகிறவர்கள் அதையே எல்லைக்குச் சாட்சியாக வைப்பார்கள். போனவனுக்கோ அது தூரக் கணக்கு இல்லை. மலையைத் தாண்டினால் மலை முடிந்துவிடும். மொழி அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

இப்படி ஒரு மண்டிக்காரன் உரை சொல்லலாமா என்று கேட்டால் ஒரு முன்மாதிரி சொல்வேன். உ.வே.சா. சீவக சிந்தாமணியை ஆராய்ந்தபோது விளங்காத சமயச் சொற்களுக்குக் கும்பகோணத்தில் இருந்த எங்கள் ஜைன மக்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். 1887-இல் நூல் வெளிவந்தது. வீட்டில் புழங்குகிறவனுக்குத் தெரிந்தது சில சமயம் ஏட்டில் இருக்காது.

மண்டியில் முதல் வருஷம்

எனக்கு ஊர் வந்தவாசிப் பக்கம். 1979-இல், 21 வயதில், சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். சித்தூரில் தமிழ் தெரியாதவர் யார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1911-இல் சித்தூர் தனி ஜில்லா ஆகும்வரை இது வடாற்காட்டுக்கே தலைமை ஊர். கடைத்தெருவில் தமிழ் செல்லும். மண்டியில் செல்லாது. ஐராலா, பெனுமூரு பக்கத்திலிருந்து வெல்லம் கொண்டுவருகிற ரைத்துகள் பேசுவது தெலுங்கு. எடைச்சீட்டு தெலுங்கு, பேரேடு தெலுங்கு. பேச்சு பாதி புரியும். எழுத்து முழு இருட்டு.

நம் வெல்லம் அங்கே ‘பெல்லம்’. நம் பணி அங்கே ‘பனி’. நம் அங்காடி அங்கே ‘அங்கடி’. இதைப் பார்த்து, இது நம்ம பாஷைதானே, ஒரு மாசத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

முதல் வாரம் முதலாளி உள்ளேயிருந்து ‘தொந்தரகா ரா’ என்று கத்தினார். நான் தொந்தரவு என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தரமும் அதையே கத்தினார். அன்று சாயங்காலம் பெட்டியைக் கட்டிவிட்டேன். மூட்டை தூக்குகிற ஹமாலி ஒருவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், ‘ஐயா, சீக்கிரம் வான்னு கூப்பிட்டாருய்யா.’ தெலுங்கில் ‘தொந்தர’ என்றால் அவசரம். அப்படியானால் ‘அவசரம்’ என்றால்? அதற்குத் ‘தேவை’ என்று பொருள். அது எனக்குப் பத்து மூட்டைக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மொத்த வியாபாரி பத்து மூட்டையைப் பார்த்துவிட்டு ‘அவசரம் லேது’ என்று சொல்லிப் போனார். அவசரம் இல்லை, மெதுவாக எடுத்துக்கொள்வார் என்று நான் அதைத் தனியே ஒதுக்கி வச்சிட்டேன். அவர் சொன்னது ‘வேண்டாம்’. மூன்று நாளில் விலை இறங்கிவிட்டது. நஷ்டத்தில் ஒரு பங்கு என் சம்பளத்தில் போச்சு. முழுக்கத் தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். தெரிந்த சொல் மாதிரி இருந்ததால் கேட்கவில்லை.

சாப்பாடு இன்னொரு சங்கடம். சூரியன் மறைந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. விரதத்தை எந்த மொழியில் விளக்குவது? மெஸ் நடத்திய அம்மாளிடம் வாசலில் நின்று மேற்கே கையைக் காட்டிப் ‘பொழுது, பொழுது’ என்றேன். ‘பொத்தா?’ என்று கேட்டு அவரும் சூரியனைக் காட்டினார். மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு எனக்கு மட்டும் ஒரு தட்டு சோறு வந்தது. நாலு வருஷம் அந்த அம்மாள் அதைத் தவறவிட்டதில்லை.

எழுத்தைக் கற்றது அரசு பஸ் போர்டுகளில். எந்த ஊருக்குப் போகும் பஸ் என்று முதலில் யாரையாவது கேட்பேன், பிறகு போர்டைப் பார்த்து எழுத்தைப் பொருத்துவேன். பேரேட்டைத் தனியே எழுத ஒன்றரை வருஷம் ஆச்சு.

பாட்டில் இல்லாதது

இவ்வளவையும் அனுபவித்துவிட்டு மாமூலனாரைப் படித்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. தலைவன் போனான் என்கிறார். எதன் வழியே போனான் என்கிறார். வடுகர் சூடிய கண்ணி என்ன என்பது வரைக்கும் சொல்கிறார். போய் என்ன செய்தான்? யாரிடம் வேலை கேட்டான்? எந்த மொழியில் விலை பேசினான்? ஒன்றும் இல்லை. மற்றப் புலவர்களும் அப்படித்தான். தலைவன் போவதற்குமுன் தன் நெஞ்சோடு பேசுவான். பாதி வழியில் காட்டில் நின்று பேசுவான். வேலை முடிந்து திரும்பும்போது தேர்ப்பாகனிடம் பேசுவான். பொருள் தேடிய ஊரின் கடைவீதியில் நின்று அவன் பேசும் பாட்டை நான் படித்ததில் காணவில்லை.

அப்படிப் போனவர்கள் உண்மையில் இருந்தார்கள். தென் தாய்லாந்தில் கிராபி மாகாணத்துக் குவான் லுக் பாட் என்ற இடத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்திருக்கிறது. பொன்னை உரசிப் பார்க்கிற கல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று இருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல் காதிமில் பானை ஓட்டில் தமிழ்ச் சொல் கிடைத்தது. பெரும்பதன் என்ற தட்டார் அந்த ஊர்க்காரரிடம் என்ன மொழியில் கூலி பேசினார் என்பது கல்லில் இல்லை. தொழிற்கருவியில் தன் பேரைத் தன் எழுத்தில் வெட்டி வைத்துக்கொண்டார் என்பது மட்டும் இருக்கிறது. நானும் அப்போது என் எடைப்படிகளில் தமிழில் பேர் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கல்லைப் பற்றிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

பாட்டு விட்ட இடத்தைப் பிற்காலத்தில் வசனம் நிரப்பியது. ப. சிங்காரம் பதினெட்டு வயதுவாக்கில், 1938-இல், இந்தோனேசியாவின் மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ 1959-லும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-லும் வந்தன. வட்டிக்கடைப் பெட்டியடியும் அடுத்தாளும் பக்கத்திலேயே மலாய்ச் சொல்லும் டச்சுத் தெருப் பேரும் அங்கே சகஜமாகப் புழங்கும். வேலை செய்தவன் எழுதினால் அப்படித்தான் வரும். மறுபக்கம் பார்த்தால் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே வந்து தமிழ் நிலத்தில் காடு திருத்திய கதை. அவர்களுக்கு மொழிபெயர் தேயம் நம் திருநெல்வேலிச் சீமை. ஆக இந்தச் சொல்லுக்கு வரைபடத்தில் நிலையான இடம் கிடையாது. வீட்டை விட்டு எந்தப் பக்கம் புறப்பட்டோமோ அந்தப் பக்கம் இருக்கும்.

இலக்கணமும் இதற்கு இடம் கொடுத்தது. தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த 12 நிலத்தோடு நிறுத்தினார். எங்கள் பவணந்தி முனிவர் நன்னூலில் தமிழல்லாத 17 நிலத்துச் சொல்லையும் உள்ளே விட்டார். கங்க மரபுச் சீயகங்கன் கேட்க எழுதிய நூல் அது. பல மொழி கலந்த இடத்தில் இருந்தவருக்குக் கதவைத் திறந்து வைக்கத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

சொல்லாததன் காரணம்

மாமூலனார் ஏன் அதைப் பாடவில்லை என்று ரொம்ப நாள் குறையாகவே நினைத்திருந்தேன். போன வருஷம்தான் மனசு மாறியது.

என் தம்பி மகள் நர்ஸிங் படித்துத் திருப்பதியில் வேலை பார்த்தவள். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலைக்கு ஏற்பாடு ஆயிற்று. 2020 மார்ச்சில் அமலுக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு தொழில் படித்த வெளிநாட்டாருக்கு அங்கே வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. ஆனால் மொழி வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பரீட்சை. இவள் சென்னையில் தங்கி பி 1 நிலை முடித்தாள். மேலே பி 2 முடித்து அங்கீகாரம் கிடைக்கும்வரை அங்கே உதவியாளர் வேலைதான்.

வீட்டில் பெரிய சண்டை. மொழி தெரியாத ஊருக்கு வயசுப் பெண்ணைத் தனியே அனுப்புவதா என்று அவள் அம்மா அழுதாள். தொல்காப்பியமே கடல் பயணம் பெண்ணோடு இல்லை என்கிறதே என்று ஒரு உறவினர் எடுத்து விட்டார். அந்தச் சூத்திரத்துக்கு உரையாசிரியர்கள் ஒரே பொருள் சொல்லவில்லை என்று அவரிடம் வாதாடிப் பயன் இல்லை. முடிவு சொல்லப் பெரியவன் என்று என்னிடம் வந்தார்கள்.

அவள் என்னைத் தனியே கேட்டாள். ‘பெரியப்பா, நீங்க இங்க வந்தப்போ முதல் மாசம் எப்படி இருந்தீங்க? நெஜமா சொல்லுங்க.’

சொன்னேன். தொந்தர, அவசரம், பத்து மூட்டை, கட்டின பெட்டி, மேற்கே காட்டின கை, எல்லாம். உள்ளே என் வீட்டம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். ‘நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பொட்டி கட்டின கதையை எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே’ என்றாள்.

உண்மை. சொன்னதில்லை. 1979-இலிருந்து நான் ஊருக்குப் போட்ட இன்லண்ட் லெட்டர்களை எல்லாம் என் தாயார் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். நலம், வேலை நன்றாக இருக்கிறது, மாசப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அப்போதுதான் பாட்டு எனக்கு விளங்கியது. மாமூலனார் தலைவி வாயால் பேசுகிறார். தலைவிக்கு என்ன தெரியும்? வழி தெரியும், மலைப் பேர் தெரியும், மொழி வேறு என்று தெரியும். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. மற்றதைப் போனவன் சொல்லவில்லை. புலவர் அதை இட்டுக்கட்டி நிரப்பாமல் விட்டிருக்கிறார். நான் குறை என்று நினைத்தது, வீட்டில் இருப்பவளின் நிலையைச் சரியாகப் பிடித்த இடம்.

இன்னொன்றும் விளங்கியது. அகம் 61-இல் தோழி, அவர் அங்கே பழக மாட்டார் என்கிறாள். குறுந்தொகைத் தலைவியோ அந்த வேற்றுமொழி நாட்டைக் கடைசியில் ‘அவருடைய’ நாடு என்றே சொல்லிவிடுகிறாள். அவர் இருக்கும் நாடு என்பதுதான் நேர்ப்பொருள். ஆனாலும் சொல் அப்படி விழுந்திருக்கிறது. பழக மாட்டார் என்பது ஊரில் இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல். தோழி சொன்னது நம் விஷயத்தில் பலிக்கவில்லை. நாம் பழகிவிட்டோம். என் வீட்டம்மா 1983-இல் ஒரு தெலுங்கு வார்த்தை தெரியாமல் வந்து, தெருக்குழாயடியில் ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாகப் பேசினாள். மொழி வேறானாலும் போகிறேன் என்ற தலைவியை நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பேரப்பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள், சிலர் இங்கிலீஷில் மட்டும். பலர் நாளைக்கு ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போகப் போகிறவர்கள். வேங்கடம் நம் எல்லை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், தப்பில்லை. கூடவே நீங்கள் இங்கே வந்த முதல் மாசத்தையும் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தீர்கள், யார் தூக்கிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அடுத்த மலரில் அப்படிப் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் என் வேங்கடக் கட்டுரைக்கு வேலை இல்லை.

தம்பி மகள் போய் ஐந்து மாதம் ஆகிறது. போகட்டும் என்றுதான் நான் சொன்னேன். போன வாரம் செய்தி அனுப்பியிருந்தாள்: ‘பெரியப்பா, ஊசி போடறது ஒண்ணும் கஷ்டமில்ல. வார்டு போன் அடிச்சா எடுக்கத்தான் பயமா இருக்கு. முகம் தெரியாம பேசினா பாதி புரியல. நேத்து ஒரு தடவை அழுதுட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.’

நலம் என்று மட்டும் எழுதாமல் இதை எழுதினாளே என்று எனக்கு நிம்மதி. அவள் அம்மா தினமும் ராத்திரி அவளோடு போனில் பேசுகிறாள்.